நாட்டின் தலைவரை (இங்கே குடியரசுத் தலைவர், அங்கே அதிபர்) தேர்ந்தெடுக்க: இந்திய முறையா, அமெரிக்க முறையா?

யார் வாக்களிப்பது?
இந்தியா: தேர்தலில் வென்ற எம்.பி.க்கள், எம்.எல்.ஏ.க்கள். நியமன உறுப்பினர்களுக்கு வாக்கில்லை.
அமெரிக்கா: இந்த ஒரு வேலைக்கென்றே மக்கள் வாக்கால் மாநிலவாரியாகத் தேர்வாகும் 538 பேர்.

வாக்கின் மதிப்பு
அமெரிக்கா: ஆளுக்கு ஒன்று.
இந்தியா: இங்கேதான் கணக்கு. மாநிலத்தின் 1971 மக்கள்தொகையை எம்.எல்.ஏ. எண்ணிக்கையால் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். தமிழ்நாடு: 4,11,99,168 ÷ 234 ÷ 1000 = 176. உத்தரப் பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு வெறும் 7. எம்.பி.க்களின் மொத்தம் எம்.எல்.ஏ.க்களின் மொத்தத்தை ஒட்டி வர வேண்டும். அதனால் 2022இல் ஒரு எம்.பி.க்கு 700.

பெரும்பான்மை கிடைக்காவிட்டால்?
அமெரிக்கா: 270 எட்டாவிட்டால் பிரதிநிதிகள் சபை முடிவு செய்யும், மாநிலத்துக்கு ஒரு வாக்கு.
இந்தியா: சீட்டில் வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் குறிப்பார்கள். யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால், மிகக் குறைந்த வாக்கு பெற்றவரை நீக்கி, அவருக்கு விழுந்த சீட்டுகளில் அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள். 1969இல் வி.வி.கிரி வென்றது இப்படித்தான்.

சறுக்கும் இடம்
இந்தியா: முதல் விருப்பமாக 1 எழுத மறந்தால் சீட்டே செல்லாது. சட்டம் இயற்றுபவர்களும் இதில் தவறுவதுண்டு!
அமெரிக்கா: 48 மாநிலங்களில், மக்கள் வாக்கில் முந்தியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் முழுதும். 2016இல் ஹிலாரி கிளிண்டன் சுமார் 29 லட்சம் மக்கள் வாக்கு கூடுதலாகப் பெற்றும் தோற்றார்.

பிரதமர் ஆள, மேலே பொதுவான ஒரு தலைவர் போதுமென்றால் இந்திய முறை. ஆட்சியைத் தானே நடத்தும் அதிபர் என்றால் மக்கள் வாக்குச்சாவடிக்குப் போயே ஆக வேண்டும். அதற்கு, ஓட்டைகளோடும், அமெரிக்க முறை தேவலை.