மாப்பிள்ளை கொண்டுவந்த புர்னூஸ்

முப்பத்தைந்து வருடமாகக் காரைக்குடியில் கண்டாங்கி நெய்கிறேன். எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித் தடவிப் பார்ப்பது பழக்கம். அல்ஜீரியாவில் எரிவாயு வயலில் வேலை பார்க்கும் எங்கள் மாப்பிள்ளை போன ஐப்பசியில் வந்தபோது, "மாமா, இதைப் பாருங்கள்" என்று ஒரு புர்னூஸை மடியில் வைத்தார்.

வட ஆப்பிரிக்காவில் அரபியரும் பெர்பர் மக்களும் போர்த்திக்கொள்ளும் கம்பளி மேலாடை. தலையை மூட முக்காடு உண்டு, கை கிடையாது. நெஞ்சருகே ஒரு சாண் மட்டும் சேர்ந்திருக்கும். அங்கே போடும் கை வைத்த அங்கியான ஜெல்லாபா வேறு. ஒட்டக முடியில் நெய்த பழுப்பு புர்னூஸுக்கு அல்ஜீரியாவில் ஜெல்ஃபா பக்கத்து மெசாத் ஊர் பெயர் போனதாம். எங்களுக்கு வந்தது வெள்ளை ஆட்டு ரோமம்.

நாம் குழித்தறியில் காலை விட்டு நெய்கிறோம். அங்கே தறி செங்குத்தாக நிற்கும். பெண்கள் முன்னால் உட்கார்ந்து, குறுக்கே ஓடும் நூலான ஊடையை விரலால் கோத்து, இரும்புச் சீப்பால் அடித்து இறக்குவார்கள். கைநூற்பு என்பதால் இழை ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிகிறது. கீழ் ஓரத்துக்கு நாலு விரல் மேலே ஊடை தீர்ந்து புது நூல் சேர்த்த இடத்தைத் தேடிப் பிடித்தேன். முடிச்சே இல்லை. இரண்டு முனையையும் பிரித்து, ஒன்றாக முறுக்கி விட்டிருக்கிறாள் நெய்தவள். அந்தக் கையைக் கும்பிட வேண்டும்.

தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போனபோது எடுத்துப்போனேன். நத்தத்துக்கு அப்பால் திறந்தவெளியில் படுத்த ராத்திரி, பனி முக்காட்டின் மேலேயே முத்து முத்தாக நின்றது, உள்ளே இறங்கவில்லை. ஆனால் பகலில் அதைச் சுமப்பது பெரும்பாடு. ஒருநாள் தூறலில் நன்றாக நனைந்து, கிடை ஆட்டு வாடை அடித்தது. காய இரண்டு நாள் ஆயிற்று. நம் ஊர் வெயிலுக்கு இது ஆகாது. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் தாராளமாக வாங்கலாம்.

அல்ஜீரியாவின் கபிலியா பகுதியில் கல்யாணப் பெண் அப்பாவின் புர்னூஸுக்கு அடியில் புகுந்துதான் பிறந்த வீட்டுப் படி இறங்குவாளாம். மகள் இதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பங்குனி பிறந்ததும் வெயிலில் உதறி, வசம்பு வைத்து, அவள் அம்மாவின் பழைய கண்டாங்கியில் சுற்றித் தேக்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.