வழுக்கையில் மறுபடி முடி: எழுப்புவதா, நடுவதா, புதிதாக வளர்ப்பதா?

வழுக்கைக்கான மீளுருவாக்க சிகிச்சை என்ற பெயரில் இன்று பேசப்படுவதில் மூன்று வெவ்வேறு வேலைகள் கலந்து கிடக்கின்றன. சுருங்கிக் கிடக்கும் வேர்க்காலை எழுப்புவது ஒன்று. பின்தலையில் இருக்கும் நல்ல வேர்க்காலைப் பெயர்த்து வழுக்கையில் நடுவது இன்னொன்று. இல்லாத வேர்க்காலை உயிரணுக்களிலிருந்து புதிதாக உருவாக்குவது மூன்றாவது. மூன்றாவதன் பெயரைச் சொல்லி முதலாவதை விற்பவர்கள் ஏராளம். பணமும் காலமும் வீணாவது அங்கேதான்.

எது யாருக்குப் பொருந்தும் என்பதை ஒரே கேள்வி தீர்மானிக்கிறது: அந்த இடத்தில் வேர்க்கால் இன்னும் இருக்கிறதா?

பரம்பரை வழுக்கையில் வேர்க்கால் ஒரே நாளில் சாவதில்லை. டிஎச்டி என்ற ஹார்மோனின் தாக்கத்தால், 2 முதல் 6 ஆண்டுகள் வரை நீடிக்க வேண்டிய வளர்பருவம் ஒவ்வொரு சுற்றிலும் குறுகுகிறது. வேர்க்கால் சிறுத்து, தடித்த முடிக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத பூனைமுடியைத் தள்ளுகிறது. ஆய்வாளர் ஜார்ஜ் கோட்சரெலிஸின் குழு 2011-ல் ஒரே நபரின் முடியுள்ள பகுதியையும் வழுக்கைப் பகுதியையும் ஒப்பிட்டது. ஸ்டெம் செல்களின், அதாவது மற்றச் செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல்களின், எண்ணிக்கை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அவற்றிலிருந்து பிறந்து முடியைக் கட்டும் அடுத்தகட்டச் செல்கள்தான் வழுக்கையில் வெகுவாகக் குறைந்திருந்தன. மருந்தால் எழுப்பலாம் என்ற நம்பிக்கைக்கு இது அடித்தளம்.

ஆனால் அந்த நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. வேர்க்காலோடு ஒட்டியிருக்கும் சிறு தசை, அதாவது மயிர்க்கூச்செறியும்போது முடியை நிமிர்த்தும் தசை, நாள்பட்ட வழுக்கையில் வேர்க்காலை விட்டு விலகி, அந்த இடம் கொழுப்பாக மாறிவிடுகிறது. திடீர் முடி உதிர்விலும் புழுவெட்டிலும் அந்த ஒட்டு அப்படியே இருக்கிறது. அவற்றில் முடி முழுமையாகத் திரும்பக்கூடியதற்கும், இருபது ஆண்டுப் பளபள வழுக்கை எந்த மருந்துக்கும் அசையாததற்கும் இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. எனவே எந்தக் கட்டணத்தையும் கட்டுமுன் டெர்மோஸ்கோப்பில் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) உச்சந்தலையைப் பார்க்கச் சொல்லுங்கள். முடிகளின் தடிமன் ஒன்றுக்கொன்று மாறுபட்டு, நடுநடுவே பூனைமுடி தெரிந்தால் எழுப்ப ஆள் இருக்கிறது என்று பொருள். வேர்க்கால் துளைகளே தென்படாமல் தோல் வழவழவென்றிருந்தால் தழும்பு வகை வழுக்கையா என்று சந்தேகிக்க வேண்டும். 4 மில்லிமீட்டர் பஞ்ச் என்ற வட்டக் கத்தியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்காமல் அங்கே ஊசியும் வேண்டாம், நடவும் வேண்டாம். நோய் உள்ளே எரிந்துகொண்டிருந்தால் நட்ட முடியையும் அது தின்றுவிடும்.

எழுப்பும் வழிகள்

மினாக்சிடிலும் ஃபினாஸ்டரைடும் மீளுருவாக்க சிகிச்சைகள் அல்ல. ஆனால் மற்ற எல்லாவற்றையும் அளக்க வேண்டிய அளவுகோல் இவைதான். 5 சதவீத மினாக்சிடில் கரைசல் ஆண்களுக்குத் தினம் இரு வேளை, வேளைக்கு 1 மில்லி, உலர்ந்த தலையில். தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் முடி கூடுதலாகக் கொட்டலாம். பழைய ஓய்வுப்பருவ முடியைப் புதியது தள்ளுவதுதான் அது. பலர் அந்த நேரத்தில் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பலன் இருக்கிறதா என்பதை ஆறு மாதத்துக்கு முன் முடிவு செய்யக்கூடாது. ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரை டிஎச்டியைக் குறைத்துச் சுருக்கத்தின் காரணத்தையே தொடுகிறது. பாலுணர்வு சார்ந்த பக்கவிளைவுகள் சிலருக்கு வரலாம். மருத்துவரிடம் பேசிவிட்டே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகள் அதை எடுக்கவே கூடாது, உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது.

இதற்கு மேல் கூடுதலாக வருவது பிஆர்பி. நோயாளியின் சொந்த ரத்தத்தைச் சிட்ரேட் கலந்த குழாயில் எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவை மட்டும் பிரித்து உச்சந்தலையில் போடுகிறார்கள். ரத்தத்தில் இயல்பாக இருப்பதைப்போல 3 முதல் 5 மடங்கு தட்டணுக்கள் இருக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிப் புள்ளியாக ஊசி. மாதம் ஒன்றாக மூன்று முறை, பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை பராமரிப்பு. கேட்க எளிதாக இருக்கிறது, கெட்டுப்போவதும் எளிது. சுழற்சியை பிரேக் போட்டுச் சட்டென்று நிறுத்தினால் பிரிந்த அடுக்குகள் மறுபடி கலந்துவிடும். சிவப்பணு கலந்து இளஞ்சிவப்பாக வரும் பிளாஸ்மா எரிச்சலைத்தான் கூட்டும். தட்டணுவை எண்ணாமல் போட்டால் வெறும் பிளாஸ்மாவே உள்ளே போயிருக்கலாம். இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் தட்டணுவின் வேலையைத் தடுப்பதால் ஒரு வாரம் முன்பே அவற்றைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். இடத்துக்கு இடம் தயாரிப்பு முறை மாறுவதால் ஆய்வு முடிவுகளும் ஏறுக்குமாறாக இருக்கின்றன. மருந்தோடு சேர்த்துக்கொள்ளலாம். மருந்தை விட்டுவிட்டு பிஆர்பியை மட்டும் நம்புவது சரியான முடிவல்ல.

நுண்ணூசி சிகிச்சை இதைவிடச் செலவு குறைந்தது, ஆதாரமும் பேசும்படி இருக்கிறது. ரசிதா துராத் குழுவின் 2013 ஆய்வில் 100 ஆண்கள். ஒரு பாதிக்கு மினாக்சிடில் மட்டும், மறுபாதிக்கு மினாக்சிடிலோடு வாரம் ஒருமுறை 1.5 மில்லிமீட்டர் ஊசிகள் பதித்த ரோலர். 12 வாரத்தில் குறித்த வட்டத்துக்குள் கூடிய முடி சராசரியாக முதல் குழுவில் 22, இரண்டாவதில் 91. சிறிய, குறுகிய ஆய்வுதான். ஆனாலும் வித்தியாசம் பெரியது. தோல் லேசாகச் சிவக்கும்வரை உருட்டினால் போதும். ரத்தம் வழியும்வரை அழுத்துபவர்கள் தழும்பைச் சம்பாதிக்கிறார்கள். உருட்டிய 24 மணி நேரத்துக்கு மினாக்சிடில் பூசக்கூடாது; திறந்த துளை வழியாக மருந்து ரத்தத்தில் கூடுதலாகச் சேர்ந்து படபடப்பும் தலைச்சுற்றலும் வரலாம். முனை மழுங்கிய ரோலர் குத்தாது, கிழிக்கும். இன்னொருவருடையதைத் தொடவே கூடாது.

எக்சோசோம் (செல்கள் வெளியிடும் நுண்பைகள்) என்று விற்கப்படும் குப்பிகளை இப்போதைக்குத் தவிர்ப்பதே நல்லது. எந்த எக்சோசோம் தயாரிப்புக்கும் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் தரவில்லை. 2019-ல் பொது எச்சரிக்கையே வெளியிட்டது. குப்பிக்குள் எந்தச் செல்லின் எக்சோசோம், எத்தனை என்று வாங்குபவரால் சோதிக்க வழியில்லை.

எழுப்பும் வரிசையில் உண்மையிலேயே புதிய யோசனை பிபி405 என்ற மருந்து. வேர்க்காலின் ஸ்டெம் செல் விழிக்கும்போது, சர்க்கரையை எரிக்கையில் உருவாகும் லாக்டேட் என்ற பொருளை அதிகமாகத் தயாரிக்கிறது என்று 2017-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் குழு எலிகளில் காட்டியது. சர்க்கரையிலிருந்து வரும் பைருவேட்டை, செல்லின் ஆற்றல்கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகவிடாமல் தடுத்தால் லாக்டேட் கூடும், செல் விழிக்கும். பெலாஜ் நிறுவனம் இதைத் தலையில் பூசும் ஜெல்லாக ஆக்கி, 78 பேரிடம் நடத்திய இரண்டாம் கட்ட மனித ஆய்வின் முதல் பகுதி முடிவை 2025-ல் அறிவித்தது. முடி இழப்பு கூடுதலாக இருந்த ஆண்களில் மருந்து பூசியவர்களில் 31 சதவீதம் பேருக்கு, 8 வாரத்தில் முடியடர்த்தி 20 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. மருந்தில்லாத ஜெல் பூசியவர்களில் ஒருவருக்கும் இல்லை. எட்டே வாரத்தில் இப்படி என்பது ஆச்சரியமான வேகம். ஆனால் இது ஒரு துணைக்குழுவின் கணக்கு, ஆட்களும் குறைவு. எழுந்த முடி தடித்து நிலைக்கிறதா என்பதை மூன்றாம் கட்டம்தான் சொல்ல வேண்டும். பேச்சில் விட்டுப்போகும் ஒன்றையும் சொல்ல வேண்டும்: டிஎச்டி அப்படியே இருந்தால் எழுப்பிய வேர்க்காலை அது மறுபடி சுருக்கும். ஆகவே இந்த மருந்து சந்தைக்கு வந்தாலும் ஃபினாஸ்டரைடின் இடத்தைப் பிடிப்பதைவிட அதோடு சேர்ந்து நிற்கவே வாய்ப்பு அதிகம்.

நடுதல்

பளபள வழுக்கையில் இன்றைக்கு உண்மையான முடியைக் கொண்டுவரும் ஒரே வழி இதுதான். பின்தலை வேர்க்காலை எங்கே நட்டாலும் அது தன் பிறந்த இடத்துக் குணத்தையே காட்டும் என்று நார்மன் ஒரென்ட்ரைக் 1959-ல் நிறுவினார். எஃப்யூஇ முறையில் 0.8 முதல் 1 மில்லிமீட்டர் பஞ்ச் கருவியால் ஒவ்வொரு கிராஃப்டாக (இயல்பாகச் சேர்ந்திருக்கும் சிறு முடிக்கொத்து) எடுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் 1 முதல் 4 முடி. பஞ்ச் கருவியின் கோணம் தவறினால் வேர் வெட்டுப்படும். எடுத்த கிராஃப்ட் குளிர்ந்த கரைசலில் இருந்தாலும் மணிக்கு ஏறத்தாழ 1 சதவீதம் என்ற கணக்கில் பிழைப்பு குறையும். காற்றில் உலரவிட்டால் நிமிடங்களில் செத்துவிடும். ஒரே நாளில் நான்கைந்தாயிரம் என்று வாக்குத் தருபவர்களிடம் எத்தனை பேர் எடுக்கிறார்கள், கிராஃப்ட் வெளியே எத்தனை மணி நேரம் இருக்கும், மருத்துவர் கையில் எந்தெந்தக் கட்டம் என்று கேட்பது அதனால்தான். நட்ட முடி முதல் மாதத்தில் உதிரும், மூன்று நான்கு மாதத்தில் முளைக்கும், முழு வடிவம் தெரிய ஓராண்டு.

இதன் பலவீனம் கணக்கில் இருக்கிறது. 100 சதுர சென்டிமீட்டர் வழுக்கையைச் சதுர சென்டிமீட்டருக்கு 40 கிராஃப்ட் என்று நிரப்ப 4,000 வேண்டும். இயற்கையான அடர்த்தியில் இது ஏறக்குறைய பாதிதான். பின்தலையிலிருந்து ஆயுளுக்கும் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது பெரும்பாலானோருக்குச் சில ஆயிரம் மட்டும். எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. 23 வயதில் நெற்றிக்கோட்டைத் தாழ்த்தி நட்டுக்கொண்டு மருந்தையும் நிறுத்துபவருக்கு, 35-ல் நட்ட கோட்டுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் திறக்கும். நிரப்பக் கையிருப்பு இருக்காது.

எடுத்த இடத்தில் மறுபடி முளைக்கவைத்தால்? கண் நோய்க்குப் பயன்படும் வெர்டிபோர்ஃபின் மருந்து எலிகளின் காயத்தைத் தழும்பில்லாமல், வேர்க்கால்களோடு ஆறவைத்ததாக மைக்கேல் லாங்கேக்கர் குழு 2021-ல் காட்டியது. பலித்தால் நடவின் கணக்கே மாறிவிடும். மனிதத் தலையில் இன்னும் நிறுவப்படவில்லை. இது ஒளியால் தூண்டப்படும் மருந்து என்பதால் விளையாட்டாகப் போட்டுக்கொள்ளக் கூடியதும் அல்ல.

புதிதாக வளர்த்தல்

வேர்க்காலின் அடியில் பாப்பிலா என்ற சிறு செல்திரள் இருக்கிறது. சுற்றியுள்ள தோலுக்கு 'முடி கட்டு' என்று கட்டளை இடுவது அதுதான். வளர்த்தெடுத்த பாப்பிலா செல்கள் எலியில் முடியைத் தூண்டும் என்று காலின் ஜஹோடா 1984-லேயே காட்டினார். அப்படியானால் சில வேர்க்கால்களிலிருந்து அந்தச் செல்களை எடுத்து, லட்சக்கணக்கில் பெருக்கி, ஊசியில் போட்டால் முடிந்ததே? இன்டர்சைட்டெக்ஸ், அடெரன்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்த வழியில்தான் இறங்கின. சந்தைக்கு எதுவும் வராமலே அந்த முயற்சிகள் நின்றன.

சிக்கல் செல் வளர்க்கும் தட்டில் இருக்கிறது. மனித பாப்பிலா செல்லைத் தட்டையான கண்ணாடியில் பரப்பி வளர்த்தால், ஒரு சில பெருக்கத்துக்குள் கட்டளையிடும் திறனை மறந்துவிடுகிறது. 2013-ல் ஜஹோடா, ஏஞ்சலா கிறிஸ்டியானோ குழு செல்களைத் தொங்கும் துளிகளில் உருண்டையாகச் சேரவிட்டது. மாறிப்போன மரபணுச் செயல்பாட்டில் 22 சதவீதம் பழைய நிலைக்குத் திரும்பியது. ஏழு பேரின் செல்களில் ஐந்து பேருடையவை, எலி மேல் ஒட்டப்பட்ட மனிதத் தோலில் வேர்க்காலைத் தூண்டின. பெரிய முன்னேற்றம்தான், ஆனால் மீதி 78 சதவீதம் பாக்கி.

சற்று மாறிய பாதையில் போனது ஜப்பானின் ஷிசெய்டோ நிறுவனம். பாப்பிலாவைச் சூழ்ந்த உறைச் செல்களைப் பெருக்கி, 65 பேருக்குப் போட்ட ஆய்வு 2020-ல் வெளியானது. 3 லட்சம் செல்கள் போட்ட இடத்தில் ஆறு, ஒன்பது மாதங்களில் அடர்த்தி கூடியது, கூடியது மிதமாகத்தான். இதுவும் இருக்கும் வேர்க்காலுக்கு ஊட்டம் தருவதே தவிர, புதியதைக் கட்டுவது அல்ல. ஆகவே இதை முதல் வகையில், மினாக்சிடிலுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டால் செலவுக்கேற்ற பலன் இன்னும் இல்லை.

முழு வேர்க்காலையே கட்டும் முயற்சிகள்தான் உண்மையான மூன்றாம் வகை. தகாஷி சுஜி குழு இரண்டு வகைச் செல்களைச் சேர்த்து முளைபோல் ஆக்கி எலித் தோலில் வைத்தது. 2021-ல் 220 வகை வளர்ப்புக் கலவைகளைச் சோதித்து, மூன்று சுற்றாவது உதிர்ந்து முளைக்கும் வேர்க்கால்களை 80 சதவீதத்துக்கு மேல் பெற்றது. இந்தச் சுழற்சி முக்கியம். ஒருமுறை முளைத்து உதிர்ந்து நின்றுபோகும் முடியால் பயனில்லை. கார்ல் கோஹ்லர் குழு 2020-ல் மனித ஸ்டெம் செல்லிலிருந்து வேர்க்கால், எண்ணெய்ச் சுரப்பி, நரம்பு எல்லாம் கூடிய தோல் உருண்டையை வளர்த்தது. எலிமேல் ஒட்டியவற்றில் பாதிக்குச் சற்று மேல் முடி தள்ளின. ஒரு தொகுதி விளைய நாலைந்து மாதம். யோகோஹாமாவின் ஜுன்ஜி ஃபுகுடா குழு 2022-ல் எலிச் செல்களைக் கொண்டு உடலுக்கு வெளியிலேயே 23 நாளில் 3 மில்லிமீட்டர் முடியை வளர்த்துக் காட்டியது.

இவற்றுக்கும் மனிதத் தலைக்கும் நடுவே நிற்பவை சிறிய தடைகள் அல்ல. முடி தோலைப் பிளந்து வெளியே வராமல் உள்ளேயே சுருண்டால் நீர்க்கட்டி. திசை பிசகினால் தலைமுடி பல பக்கமும் நிற்கும். ஸ்டெம் செல்லில் ஒன்றிரண்டு முதிராமல் தங்கினால் கட்டியாகும் அபாயம். அடுத்தவர் செல் என்றால் உடல் நிராகரிக்கும், சொந்தச் செல் என்றால் ஒவ்வொருவருக்கும் தனி உற்பத்தி, தனித் தரச்சோதனை. முன்சொன்ன 4,000 கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள்: சில டஜன் வேர்க்கால் விளைவதே செய்தியாகும் துறையில் ஒரு தலைக்கு ஆயிரங்கள் வேண்டும். புதிய வேர்க்காலைத் தரும் ஒப்புதல் பெற்ற சிகிச்சை எதுவும் இன்று இல்லை. அதற்காகக் காத்திருந்து இருக்கும் முடியை இழப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

வருங்காலத்துக்கென்று வேர்க்கால்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைக்கும் சேவையை யோசிப்பவர்கள், உறைவது முழு வேர்க்காலா, பெருக்கிய செல்லா என்று முதலில் கேளுங்கள். உருக்கிய பின் எத்தனை சதவீதம் உயிரோடிருக்கிறது என்ற சோதனை அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். சேமித்ததை இன்னொரு ஆய்வகத்துக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையும், நிறுவனம் மூடப்பட்டால் குப்பி யார் கைக்குப் போகும் என்பதும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.