நேபாளமா, கம்போடியாவா?

சேலத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்த இருவர், ஓராண்டு ஊதியமின்றி வெளிநாட்டில் கற்பிக்க எந்நாடு ஏற்றது என்று என்னிடம் கேட்டனர்.

நுழைவு: நேபாளம் செல்ல இந்தியருக்கு விசா தேவையில்லை. கம்போடியாவுக்கு விசா கட்டாயம்.

பணம்: நம் 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்ற விகிதம் 1993 முதல் மாறவில்லை. கம்போடியாவில் ரியலோடு அமெரிக்க டாலரும் புழங்குவதால், டாலர் ஏறும்போது கையிருப்பு கரையும்.

தட்பவெப்பம்: ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், காத்மாண்டு சுமார் 1,400 மீட்டர் என்ற கணக்கை நம்பி, ஏற்காட்டுக்குப் போட்டுச் செல்லும் ஒற்றை ஸ்வெட்டருடன் கிளம்புவது பெருந்தவறு, வெகுதூரம் வடக்கே இருப்பதால் அங்கு ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 3 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். கம்போடியத் தலைநகர் புனோம் பென்னின் ஏப்ரல் வெயிலோ சேலத்துக்காரருக்குப் பழகியதே, புழுக்கம் மட்டும் கூடுதல்.

உணவு: இரண்டிலும் சோறு உண்டு. நேபாளத்தில் பருப்பும் காய்கறியும் உடன் வரும். கம்போடியச் சமையலில் புளித்த மீன் விழுதான பிரஹோக் பலவற்றில் கலந்திருக்கும்.

மொழி: நேபாளி தேவநாகரியில் எழுதப்படுவதால், இந்தி படித்தவருக்கு எளிது, நம் அரசுப் பள்ளியில் படித்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. கம்போடிய மொழியான கெமரின் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது என்பது மகிழ்ச்சி தரும், ஆனால் படிக்க உதவாது.

சைவ உணவினர், குறைந்த சேமிப்புடையோர், வீட்டுக்கு அவசரமாகத் திரும்ப நேரலாம் என்று அஞ்சுவோர் நேபாளம் செல்லலாம். மீன் உண்பவராகவும் குளிரைத் தாங்காதவராகவும் இருப்போருக்குக் கம்போடியாவே பொருந்தும்.