அளவு கொடுத்துத் தைத்த சாஃப்ட்ஷெல் ஸ்கீ ஜாக்கெட்: இரண்டு குளிர்காலம் போட்ட பிறகு

என் உயரம் 154 சென்டிமீட்டர். தோள் அகலம், கை கட்டை. இங்கே சுவிஸில் எந்தக் கடைக்குப் போனாலும் பெண்கள் பகுதியில் எஸ் எடுத்தால் தோள் பிடிக்கும், எம் எடுத்தால் கை விரல் நுனிக்கு வந்து நிற்கும், சரி என்று சிறுவர் பகுதிக்குப் போனால் இடுப்பில் பூட்ட முடியாது. ஆறு வருடமாக ஒரு எம் ஜாக்கெட்டின் கையை உள்ளே மடித்து விட்டுத்தான் ஸ்கீ ஓடினேன். மடித்த இடத்தில் பனி போய் இருந்து, உருகி, கையுறைக்குள் இறங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே விரல்கள் விறைத்துவிடும். இதை அனுபவித்தவர்களுக்குத்தான் ஏன் ஒருத்தி ஒரு ஜாக்கெட்டுக்கு 540 பிராங் கொடுத்தாள் என்பது விளங்கும்.

தைத்துக் கொடுத்தது இரண்டு பேர் நடத்தும் ஒரு சின்னத் தையலகம். நடந்த பிழையையும் எழுதப் போவதால் பெயர் போடவில்லை. இணையத்தில் துணி, நிறம், பை, ஹூட் (தலைமூடி) எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து, அளவுகளை எழுதி அனுப்ப வேண்டும். நேரில் போகத் தேவையில்லை.

முதலில் துணி. சாஃப்ட்ஷெல் என்றால் மென்மையாக, இழுபடும் வெளி ஜாக்கெட் துணி. எல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன், இல்லை. ஒரு வகையில் நடுவில் மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். காற்று புகாது, தண்ணீரும் ஓரளவு தாங்கும், ஆனால் வேர்வை வெளியேறுவது மெதுவாகத்தான். மற்றது சவ்வே இல்லாமல் இறுக்கமாக நெய்த இழுபடும் துணி. கொஞ்சம் காற்று வரும், ஆனால் உடம்பு சூடாகிற வேகத்துக்கு ஈரத்தை வெளியே விடும். சுவிஸின் செவெலன் ஊரின் ஷோலர் போன்ற துணி நிறுவனங்கள் பெயர் எடுத்தது இந்த மாதிரித் துணிகளில்தான். கடையில் வாங்கினால் அவர்கள் தைத்து வைத்ததைத்தான் எடுக்கலாம். தைக்கக் கொடுத்தால் எங்கே எது என்று நாமே கலக்கலாம். நான் முன்பக்கம், தோள், கையின் வெளிப்பக்கம் எல்லாம் சவ்வுத் துணியும், முதுகின் நடுப்பகுதியும் கக்கமும் சவ்வு இல்லாத துணியும் கேட்டேன். மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டில் இருக்கும்போது காற்று அடிப்பது முன்னுக்கு, கீழே ஓடி வரும்போது வேர்ப்பது முதுகும் கக்கமும். இந்த ஒரு தெரிவுக்காகவே காசு கொடுக்கலாம் என்பேன்.

அளவு எடுத்தது அம்மா. யாழ்ப்பாணத்தில் இருந்தபோது ஊரில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்தவர், இப்போது பேர்னில் எங்களோடு இருக்கிறார். படிவத்தில் பதினான்கு அளவு கேட்டிருந்தார்கள், நான் ஒரு மெல்லிய பனியனோடு கையைத் தொங்கவிட்டு நின்றேன். அம்மா நாடாவைத் தோளில் வைத்துவிட்டு எடுத்துவிட்டார். "பிள்ளை, இதை எதுக்கு மேல போடப் போறாய்?" உள்ளே ஒரு கம்பளிப் பனியனும் மெல்லிய ஃப்ளீஸும் என்றேன். "அப்ப அதைப் போட்டுக்கொண்டு வா. வந்து, ஸ்கீத் தடியைப் பிடிக்கிற மாதிரிக் கையை மடக்கு." மடக்கி, முதுகு நடுவிலிருந்து தோள், முழங்கை வழியாக மணிக்கட்டு வரைக்கும் அளந்தால், நேராக விட்டு அளந்ததை விட 4 சென்டிமீட்டர் கூட. படிவத்தில் இப்படி அளக்கச் சொல்லி ஒரு வரி கூட இல்லை. கட்டைக் கை என்று சொல்லிச் சொல்லியே நான் கையைக் குறைத்துத் தைக்கக் கொடுத்திருப்பேன், தடியை முன்னுக்குப் போடும் ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டு வெளியே தெரிந்திருக்கும்.

கக்கத்தைப் பற்றியும் அம்மாதான் கேட்கச் சொன்னார். கையைத் தூக்கும்போது சட்டை முழுக்க மேலே வந்தால் கக்கத்தில் வெட்டு சரியில்லை என்று அர்த்தம், அதற்குக் கீழே தனியாக ஒரு துண்டு வைத்துத் தைக்க வேண்டும் என்றார். எழுதிக் கேட்டேன், வைக்கலாம், 25 பிராங் கூட வரும் என்று பதில் வந்தது. வைத்தார்கள். இப்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாலும் ஜாக்கெட்டின் கீழ் விளிம்பு இடுப்பை விட்டு நகர்வதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹூட்டுக்கு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சுற்றளவு கொடுத்தேன், மேலால் இழுத்துப் போட முடிகிறது. ஜிப் இரண்டு பக்கமும் திறக்கும், இருக்கை லிஃப்டில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் திறந்துவிட்டால் வயிற்றில் மடங்கி இடிக்காது. பின்பக்கம் 5 சென்டிமீட்டர் நீளம் கூட வைக்கச் சொன்னேன், ஈர இருக்கையில் இருக்க வசதி. உள்ளே இடுப்பைச் சுற்றிப் பனி புகாமல் வரும் பாவாடைத் துணி வேண்டாம் என்றுவிட்டேன், நான் பிஸ்டை, அதாவது ஒழுங்குபடுத்திய ஸ்கீ பாதையை, விட்டு வெளியே போவதில்லை.

இனி பிழை. ஐந்து வாரம் என்றவர்கள் எட்டு வாரத்தில் அனுப்பினார்கள். அதைக் கூடப் பொறுக்கலாம். பெட்டியைத் திறந்து பார்த்தால் ஸ்கீ பாஸ் (லிஃப்டுக்கான அட்டை) வைக்கும் பை வலது கையில் இருக்கிறது. நான் எழுதியது இடது என்று, அவர்கள் அனுப்பிய உறுதிக் கடிதத்திலும் இடது என்றே இருந்தது. ஸ்கீ ஓடாதவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். லிஃப்ட் வாசலில் பாஸை வாசிக்கும் பெட்டி இடது பக்கம் இருக்கிறது. இடது கையில் பாஸ் இருந்தால் நடந்து போகிற போக்கிலேயே வாசல் திறக்கும். வலது கையில் இருந்தால், காலில் ஸ்கீயோடு, பின்னால் வரிசை நெருக்க, உடம்பை முறுக்கி வலது முழங்கையைக் கொண்டுபோய்ப் பெட்டியில் தேய்க்க வேண்டும். ஒரு நாள் அப்படி ஓடிப் பார்த்தேன், பதினைந்து தடவைக்கு மேல் முறுக்கினேன், அடுத்த நாள் இடுப்பு நொந்தது.

எழுதினேன். முதலில் வந்த பதில், பாஸை நெஞ்சுப் பைக்குள் போடலாமே என்பது. எனக்குக் கோபம் வந்தது. நெஞ்சுப் பையில் ஃபோன் இருக்கிறது, ஃபோனும் பாஸும் ஒன்றாக இருந்தால் வாசல் பல தடவை பாஸை எடுக்காது, தவிர நான் காசு கொடுத்தது நான் கேட்ட இடத்தில் பை வைப்பதற்கு. இரண்டாம் கடிதத்தில் உறுதிக் கடிதத்தின் படத்தையும் வைத்து அனுப்பிய பிறகு மன்னிப்புக் கேட்டு, தபால் செலவை அவர்களே ஏற்று, இடது கையின் அந்தப் பகுதியை முழுதாகப் புதிதாக வெட்டித் தைத்து அனுப்பினார்கள். வலது பையை எடுக்கவில்லை, அதில் இப்போது உதட்டுக் களிம்பு இருக்கிறது. வேலை சுத்தம், தையல் எங்கே பிரித்தது என்று அம்மாவாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் மூன்று வாரம் போய்விட்டது, பெப்ரவரிப் பள்ளி விடுமுறையைப் பழைய ஜாக்கெட்டோடுதான் ஓடினேன்.

போட்ட அனுபவம். கிரிண்டெல்வால்டிலிருந்து ஐகர் எக்ஸ்பிரஸ் கம்பிவட வண்டியில் ஏறினால் கால் மணி நேரத்தில் 2,320 மீட்டரில் ஐகர்கிளெட்ஷர் நிலையம். போன ஜனவரியில் அங்கே இறங்கியபோது மைனஸ் 11, காற்றும் இருந்தது. பழைய ஜாக்கெட்டில் என்றால் முதல் ஓட்டம் முழுக்க நடுக்கம், கீழே வரும்போது முதுகு நனைந்திருக்கும், திரும்ப லிஃப்டில் அந்த நனைந்த முதுகு உறையும். இந்தத் தடவை அதற்குக் கீழே இருக்கும் கிளைன ஷைடெக் வரைக்கும் இறங்கி, நின்று, கையுறையைக் கழற்றி முதுகுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். சூடு இருக்கிறது, ஈரம் இல்லை. அன்று மாலை நாலு மணி வரைக்கும் ஜாக்கெட்டைப் பற்றிய நினைப்பே வரவில்லை.

அதற்காக எல்லா நாளுக்கும் இது போதும் என்று சொல்ல மாட்டேன். மார்ச்சில் மேலே பனியும் கீழே மழையுமாக இருந்த ஒரு நாள், இரண்டு மணி நேரத்தில் தோள் நனைந்து உள்ளே வந்துவிட்டது. தையல்களின் உட்பக்கத்தில் பட்டி ஒட்டப்படவில்லை, சாஃப்ட்ஷெலில் பெரும்பாலும் ஒட்டுவதில்லை, தண்ணீர் ஊசித் துளை வழியாகவே வரும். அப்படியான நாளுக்கு மேலால் போட ஒரு மழை அங்கி வேண்டும், அல்லது தையலும் ஒட்டிய, தண்ணீர் புகாத ஹார்ட்ஷெல் ஜாக்கெட்தான் எடுக்க வேண்டும். மைனஸ் 20க்கும் இது தனியாகப் போதாது, உள்ளே இன்னொரு அடுக்கு வேண்டும். அதனால்தான் உள் அடுக்குகளோடு அளவு கொடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஒரு பருவம் முடிந்ததும் முதுகுப் பையின் பட்டி உரசும் தோள் பகுதியில் தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் துணியில் ஊறத் தொடங்கியது. துணி பழுதாகிவிட்டது என்று பயந்தேன். அப்படி இல்லை. மேலே பூசியிருக்கும் நீர் ஒட்டாத பூச்சுதான் தேய்ந்திருக்கிறது, ஃப்ளோரின் இல்லாத புதுப் பூச்சுகளுக்கு இது கொஞ்சம் சீக்கிரமாகவே நடக்கும். ஜிப், ஒட்டுப்பட்டி எல்லாவற்றையும் பூட்டி, திரவச் சோப்பில் 30 பாகையில் தோய்த்தேன். துணி மென்மையாக்கும் திரவம் மட்டும் விடக்கூடாது, அது பூச்சை மூடி, துணியைத் தண்ணீர் குடிக்க வைத்துவிடும். பிறகு சாஃப்ட்ஷெலுக்கென்று விற்கும் பூச்சைத் தெளித்து, துணியில் தைத்திருந்த குறிப்பில் அனுமதி இருந்ததால் உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் போட்டேன். எங்கள் கட்டடத்தில் தோய்க்கும் அறை எனக்குப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் வரும், அந்த முறையில் இதற்கென்று ஒன்றரை மணி நேரம் போனது. வெளியே எடுத்துக் குழாயடியில் பிடித்தேன், தண்ணீர் பழையபடி உருண்டு விழுந்தது.

தைக்கக் கொடுக்க நினைப்பவர்கள் மே, ஜூனிலேயே கொடுங்கள். நான் நவம்பரில் கொடுத்தேன், பிழை வந்தபோது திருத்த நாள் இருக்கவில்லை. உங்களுக்குக் கடை அளவு சரியாக இருந்தால் இவ்வளவு காசும் காத்திருப்பும் தேவையில்லை, 300 பிராங்குக்கே நல்ல சாஃப்ட்ஷெல் கிடைக்கும். எனக்குக் கிடைக்காததால் போனேன், கை சரியான இடத்தில் முடியும் முதல் ஜாக்கெட் இதுதான்.

இந்த வருடம் அவர்களிடமே காற்சட்டைக்கும் கொடுக்கப் போகிறேன். அம்மாவிடம் சொன்னேன். நாடாவை எடுத்துக்கொண்டு வந்து, முழங்காலை மடக்கி நில் என்றார்.