ரெஸ்க்யூசில்லா: டி.டி.பி. கடைக் கணினிக்கு ஏற்ற மீட்புப் பென்டிரைவ்

மதுரை மாவட்ட நீதிமன்றத்தை ஒட்டியுள்ள ஒரு டி.டி.பி. கடையின் கணினிகளைப் பராமரித்து வருகிறேன். விண்டோஸ் திறக்காமல் போனால் கடையை விரைவில் மீண்டும் இயக்குவதற்காக, விண்டோஸிலேயே உள்ள 'ரெக்கவரி டிரைவ்' வசதியையும் ரெஸ்க்யூசில்லா என்ற இலவச மென்பொருளையும் பயன்படுத்திப் பார்த்தேன். இவற்றில் கடைக்குப் பொருந்துவது இரண்டாவதுதான் என்பது என் முடிவு.

ரெக்கவரி டிரைவைக் குறை சொல்வதற்கில்லை. குறைந்தது 16 ஜி.பி. பென்டிரைவைச் செருகி, கணினிக் கோப்புகளையும் சேர்க்கும்படி தேர்வு செய்தால், மற்றதை அதுவே செய்துவிடும். ஆனால் அதிலிருந்து விண்டோஸை மீண்டும் நிறுவும்போது, நாம் போட்ட மென்பொருள்களும் சொந்தக் கோப்புகளும் திரும்பி வருவதில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், பேஜ்மேக்கர், டேலி, பிரிண்டர் டிரைவர்கள் என்று ஆண்டுக்கணக்கில் சேர்த்து அமைத்த ஒரு கணினிக்கு வெறும் விண்டோஸ் கிடைப்பது பாதி மீட்புக்கூட ஆகாது.

ரெஸ்க்யூசில்லா இதற்கு நேர்மாறாக, வட்டு முழுவதையும் உள்ளது உள்ளபடியே இமேஜாக, அதாவது முழு நகலாக, எடுத்துவைக்கிறது. லினக்ஸ் உலகில் நெடுநாளாகப் புழங்கும் குளோன்சில்லாவின் வேலையைத்தான் இதுவும் செய்கிறது என்றாலும், அதன் மிரட்டும் கறுப்புத் திரைகளுக்குப் பதிலாக பேக்கப், ரெஸ்டோர், வெரிஃபை என்று பெரிய பொத்தான்கள் இதில் இருக்கின்றன. ரெஸ்க்யூசில்லாவின் ஐ.எஸ்.ஓ. கோப்பைப் பதிவிறக்கி, அதைப் பென்டிரைவில் பதிக்கும் பலேனா எட்சர் என்ற மென்பொருள் கொண்டு 4 ஜி.பி. பென்டிரைவில் எழுதினாலே போதும். இமேஜைச் சேமிக்கத் தனியாக ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வேண்டும். டெல், லெனோவோ கணினிகள் பலவற்றில் எஃப்12 விசையும், எச்.பி.யில் எஃப்9 விசையும், எதிலிருந்து கணினியைத் தொடங்குவது என்று தேர்வு செய்யும் பூட் மெனுவைத் திறக்கும். எந்த விசை என்பதைப் பென்டிரைவின் மேலேயே எழுதி ஒட்டிவிடுவது நல்லது, ஏனென்றால் அவசரத்தில் அதைத் தேட இணையம் பார்க்கக் கணினி இருக்காது.

சாதாரணமாக ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கக்கூடும்; அப்படி இருந்தால் வட்டின் கோப்பமைப்பு முழுமையாக மூடப்பட்டிருக்காது என்பதால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்த பிறகே இமேஜ் எடுக்க வேண்டும். எடுத்த இமேஜை வெரிஃபை செய்துவிட்டு, சும்மா கிடந்த வேறொரு எஸ்.எஸ்.டி.யில் ரெஸ்டோர் செய்து பார்த்தேன். எழுத்துருக்கள் முதல் பிரிண்டர் வரை எல்லாம் பழையபடியே இருந்தன. புதிய வட்டு பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது என்பதை மட்டும் வாங்கும்போதே நினைவில் வைக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளிலும், யு.பி.எஸ். இல்லாத கணினியிலும் ரெஸ்டோரைத் தொடங்கக் கூடாது. நடுவில் நின்றால் அந்த வட்டு அரைகுறையாகத்தான் கிடக்கும்.

குறைகளும் உண்டு. கணினியை நிறுத்திப் பென்டிரைவிலிருந்து திறந்தால்தான் இது வேலை செய்யும். தானாகக் குறித்த நேரத்தில் பேக்கப் எடுக்காது, மாறிய கோப்புகளை மட்டும் சேர்த்துக்கொள்ளவும் தெரியாது. ஆகவே அன்றாட ஆவணங்களை வேறு வழியில் நகலெடுத்தே ஆக வேண்டும். விண்டோஸின் வட்டுப் பூட்டு வசதியான பிட்லாக்கர் பூட்டிய வட்டில் எது காலியிடம் என்று இதற்குப் புரியாததால், முழு வட்டையும் அப்படியே நகலெடுக்கிறது. நேரமும் இடமும் மிகுதியாகச் செலவாகின்றன. அத்தகைய கணினி வைத்திருப்போர் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் அச்சிட்டு வைத்திருப்பது அவசியம்.

பிட்லாக்கர் இல்லாத கணினியிலோ வேறு சிக்கல். அதன் இமேஜுக்கு எந்தப் பூட்டும் கிடையாது. வாடிக்கையாளர்களின் பத்திர நகல்களும் ஆதார் நகல்களும் அதற்குள் அப்படியே இருப்பதால், அந்த ஹார்ட் டிஸ்க்கை மேசைமேல் போட்டு வைக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம்.