ஒமேகா அக்வா டெர்ரா 15,000 காஸ்: எம்ஆர்ஐ அறைக்குள் கட்டலாமா?

2013இல் இந்த வாட்ச் வந்தபோதே ஸ்கேன் சென்டர் ஊழியர்களின் கண் இதன்மேல் விழுந்தது. காஸ் என்பது காந்த பலத்தின் அளவு. இந்த வாட்ச் தாங்கும் 15,000 காஸ் என்றால் 1.5 டெஸ்லா, பெரும்பாலான எம்ஆர்ஐ மெஷின்களின் காந்த பலமும் அதுவே. அதனால் கட்டிக்கொண்டே உள்ளே போகலாமா? கூடாது.

அந்த எண் சொல்வது, அவ்வளவு காந்தத்திலும் வாட்சின் ஓட்டம் கெடாது என்பதை மட்டும். சாதாரண மெக்கானிக்கல் வாட்சில் ஓட்டத்தைச் சீராக்கும் மயிரிழை போன்ற சுருள் கம்பியான ஹேர்ஸ்பிரிங்கில் காந்தமேறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். ஸ்பிரிங்கின் நீளம் குறைந்ததுபோல் ஆகி, நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடும். ஒமேகா அந்த ஸ்பிரிங்கை சிலிக்கானில் செய்து, அச்சுகளுக்கும் காந்தமேறாத உலோகம் போட்டிருக்கிறது. அருமையான வேலை. ரோலெக்ஸ் மில்காஸ் வேறு வழியில் போனது: வாட்சின் உள் இயந்திரத்தைச் சுற்றி மென்னிரும்புக் கூடு, தாங்குவது 1,000 காஸ். 2023இல் நிறுத்திவிட்டார்கள். எம்ஆர்ஐ பக்கத்தில் அந்த இரும்புக் கூடே இழுபடும்.

ஓட்டம் தப்பினாலும் ஆபத்து தப்பாது. வாட்சுக்குள் எங்காவது இரும்புத் துண்டு இருந்தால் காந்தம் இழுக்கும். மெஷின் வாயருகே ஓரிரு அடி எடுத்து வைப்பதற்குள் காந்தப்புலம் மளமளவென்று ஏறும், சுதாரிக்க நேரமிருக்காது. ஸ்கேன் ஓடாத நேரத்திலும், ராத்திரி கூட்டிப் பெருக்க வரும்போதும் காந்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். நோயாளியின் கையில் வாட்ச் இருந்தால், ஸ்கேன் ஓடும்போது ரேடியோ அலையில் உலோகம் சூடேறித் தோல் வெந்துவிடலாம். எந்த நிபந்தனையும் இல்லாமல் உள்ளே கொண்டுபோகத் தகுந்த பொருளுக்குப் பச்சைச் சதுரத்தில் ‘எம்ஆர்’ என்ற அடையாளம் இருக்கும். இந்த வாட்சில் அது கிடையாது. 3 டெஸ்லா மெஷின் என்றால் 30,000 காஸ், ஒமேகா சொல்லும் 15,000 காஸ் அளவையே அது தாண்டிவிடும்.

வேறு மெக்கானிக்கல் வாட்சைத் தவறுதலாக உள்ளே கொண்டுபோய் வந்துவிட்டால், சாதாரண திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாட்சை நகர்த்தும்போது முள் துள்ளினால் காந்தமேறியிருக்கிறது. காந்தத்தை நீக்கும் டீமேக்னடைசர் பெட்டிமேல் வாட்சை வைத்து, பட்டனை அழுத்திப் பிடித்தபடி மெதுவாக அரை மீட்டர் தள்ளிக் கொண்டுபோன பிறகே பட்டனை விடவேண்டும். பக்கத்திலேயே விட்டால் மறுபடி காந்தமேறும். பேட்டரி வாட்சையும் ஸ்மார்ட்வாட்சையும் இந்தப் பெட்டியில் வைக்காதீர்கள்.

லவுட்ஸ்பீக்கர், பேக் காந்தப் பொத்தான், லேப்டாப் இவற்றுக்கு நடுவே தினமும் புழங்குபவருக்கு அக்வா டெர்ரா நல்ல முதலீடு. எம்ஆர்ஐ வேலைக்காக மட்டும் என்றால் இவ்வளவு பணம் வேண்டாம். எந்த வாட்சானாலும் லாக்கரில்தான் இருக்கப்போகிறது.