சாய்ந்த எழுத்து எந்தப் பக்கம் போனது? அமெரிக்க வாக்குப்பதிவுத் தளம், ஒரு வாத்தியாரின் பார்வை

உயர்தர அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு நல்ல சாமான் சொல்கிறேன், காசு கேட்காது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைச் செயலாளரின் இணையத்தளம். எந்தச் சட்டமூலத்துக்கு யார் 'ஆம்', யார் 'இல்லை' என்று பெயர் பெயராக இருக்கும். பழைய வாக்கெடுப்புப் பக்கங்கள் வெறும் எழுத்துதான். நோர்வூட் பக்கம் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும்போதும் திறக்கும்.

ஹட்டன் வகுப்புக்கு நான் எடுப்பது 2009இன் யுத்தச் செலவு வாக்கெடுப்புகள் இரண்டை. ஈராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்களுக்கான பணம். மே 14இல் 368க்கு 60. இறுதி வடிவம் ஜூன் 16இல் வந்தபோது 226க்கு 202. இரண்டையும் அச்சடித்துப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். ஜனநாயகக் கட்சிப் பெயர்கள் நேர் எழுத்து, குடியரசுக் கட்சிப் பெயர்கள் சாய்ந்த எழுத்து. மே தாளின் 'ஆம்' பகுதியில் இரண்டும் கலந்து கிடக்கும், சாய்ந்தது மட்டும் 168. ஜூன் தாளின் 'ஆம்' பகுதியில் சாய்ந்தது வெறும் 5. போட்டோகொப்பி போட்டாலும் அந்தச் சாய்வு தெரியும்.

"ஒரே மாசத்துல யுத்தம் பிடிக்காமப் போயிருச்சா சேர்?" என்று பொகவந்தலாவைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். அங்கேதான் தளம் நம்மைக் கைவிடுகிறது. காரணம் எழுதியிருக்காது, அதை வாத்தியார்தான் சொல்ல வேண்டும். இடையில் செனட் சபை, சர்வதேச நாணய நிதியத்துக்கான பணத்தையும் அதே மூலத்தில் ஒட்டிவிட்டது. குடியரசுக் கட்சிக்காரர் 'இல்லை' சொன்னது யுத்தத்துக்கு அல்ல, அந்த ஒட்டுக்கு. மறுபக்கம், மேயில் எதிர்த்த ஜனநாயகக் கட்சிக்காரர் 51 பேர், ஜூனில் 32 பேர்தான். ஒபாமாவின் வெள்ளை மாளிகையும் சபாநாயகர் நான்சி பெலோசியும் பிடித்த பிடி அப்படி. யுத்தம் வேண்டாம் என்று வாய்கிழியப் பேசியவர் சிலர் பணம் கொடுக்க, யுத்தத்துக்கு எப்போதும் தலையாட்டியவர் மறுக்க, ஆள் தலைகீழ்!

நாணய நிதியம் யார் என்று பிள்ளைகளுக்கு விளக்க வேண்டி வரவில்லை. 2022க்குப் பிறகு லயத்து வீடுகளிலும் அடிபடும் பெயர். அதே 2009 ஜூலையில் இலங்கைக்கு 260 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்ததும் அதுதான் என்றபோது கொஞ்சம் சலசலப்பு.

எனக்கு இன்னும் பிடித்தது 'வாக்களிக்காதோர்' என்று தனியாக ஒரு பட்டியல் இருப்பது. நம் கதையையும் அதை வைத்தே தொடங்கலாம். 2007 நவம்பரில் வரவுசெலவுத் திட்டத்தின் இரண்டாம் வாசிப்பில் எதிர்த்து வாக்களித்த மக்கள் விடுதலை முன்னணி, டிசம்பர் 14இல் மூன்றாம் வாசிப்பில் வாக்களிக்காமல் விட்டது. திட்டம் 114க்கு 67 என்று நிறைவேறியது. பாதுகாப்புக்கு மட்டும் சுமார் 16,600 கோடி ரூபாய் அதில் இருந்தது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். முழுக்க ஆங்கிலம் என்பதால் ஒன்று வெட்டு. தேடும்போது சட்டமூல இலக்கம் கையில் இருக்கட்டும், நான் சொன்னது எச்.ஆர். 2346.